ஸ்னோ குளோப்பில் காற்றுக் குமிழா? அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த ஸ்னோ குளோப் (தண்ணீருக்குள் பொம்மையும் மினுக்குத் தூளும் இருக்கும் கண்ணாடி உருண்டை) ஒன்று யாழ்ப்பாணத்தில் பல வீட்டு ஷோகேசுகளில் நிற்கும். வந்தபோது முழுக்கத் தண்ணீர். காலம் போக மேலே ஒரு குமிழ் தெரியும். அடியிலுள்ள ரப்பர் அடைப்பு காய்ந்து சுருங்க, தண்ணீர் மெல்ல ஆவியாகிறது. அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது.

கடலையளவு குமிழென்றால் விட்டுவிடுங்கள். எங்கள் வெயிலுக்குத் தண்ணீர் விரியும். விரிய இடமில்லாவிட்டால் அடைப்புக் கசியும், சிலவேளை கண்ணாடியே வெடிக்கும்.

பெருங்குமிழைத்தான் திருத்த வேண்டும். அதில் பலர் விடும் தவறு, கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது. குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளை, கொஞ்ச நாளில் கண்ணாடிக்குள்ளும் மங்கலாகப் படியும். பாசியும் பிடிக்கலாம். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் போதும். (பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள்!) அதையும் கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று கொதியில் வெளியேறிவிடும்; கொதிக்காமல் ஊற்றினால் அறை சூடாகும்போது அதுவே குமிழாகத் திரளும். சூட்டோடு ஊற்றினால் கண்ணாடியில் விரிசல் விழலாம்.

அடுத்த தவறு, விளிம்புவரை நிரப்பி மேலே அடைப்பை அமுக்குவது. எவ்வளவு நிரப்பினாலும் கொஞ்சக் காற்று உள்ளே மாட்டும். ஆறிய தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் உருண்டையை முழுதாக அமிழ்த்தி, பொம்மையின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் குமிழ்களை ஈர்க்கால் தட்டிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே அடைப்பைப் பொருத்துங்கள். விரிய இடம் வேண்டுமென்பதால், கடலையளவு குமிழ் மிஞ்சினால் அதை விட்டுவிடுங்கள். பாட்டுப்பெட்டி உள்ளதென்றால் அதை முதலில் கழற்றி வைக்க வேண்டும், நனைந்தால் துருப்பிடித்துவிடும். அப்புறம், மினுக்குத் தூள் மெல்ல இறங்கட்டுமென்று கிளிசரினை அள்ளி ஊற்றாதீர்கள். தண்ணீர் தடித்தால் சிறு குமிழ்கள் மேலே வராமல் நடுவிலேயே நிற்கும்.

பழைய திரவத்தை முற்றத்தில் கொட்ட வேண்டாம். சிலவற்றில் எதிலீன் கிளைக்கோல் கலந்திருக்கும். இனிப்பாக இருக்கும் நஞ்சு அது. நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். உள்ளே எண்ணெய் இருக்கும் அலங்காரப் பொருளென்றால் திறக்கவே வேண்டாம், தண்ணீர் அதோடு சேராது.

கடைசியில் ஈர ரப்பரில் சூப்பர் குளூ பூசுவது வீண். நன்றாகத் துடைத்து, ஹாட்வெயார் கடைச் சிலிக்கனை ஓரத்தில் பூசி, தலைகீழாக ஒரு முழுநாள் நிழலில் விடுங்கள். சீக்கிரம் காயட்டுமென்று வெயிலில் வைத்தால் உருண்டை வில்லைபோல வெயிலைக் குவித்து, பக்கத்திலுள்ள துணியைக்கூட எரிக்கலாம்.