கள்ளிக் குடிலுக்கு ஹீட்டர்

பினாங்கில் பசுமைக்குடிலுக்கு ஹீட்டரா என்று மச்சான் இன்னும் கேலி செய்கிறார். இங்கே சூட்டுக்கு என்ன பஞ்சம்! எனக்கு வேண்டியது உலர்ந்த காற்று. ஆயர் ஈத்தாமில் வீட்டுக்குப் பின்னால் பாலிகார்பனேட் கூரை போட்ட சின்னக் குடிலில் கள்ளி வளர்க்கிறோம். அக்டோபர் மழையில் இரவெல்லாம் ஈரம் தங்கி, நாற்றுகளின் அடித்தண்டு அழுக ஆரம்பித்தது.

காற்றைச் சில டிகிரி சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற அளவு) இறங்கும். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயேதான் சுற்றும். அதனால் மேல் சன்னலைக் கொஞ்சம் திறந்தே வைத்தேன். 500 வாட் ஃபேன் ஹீட்டர், டைமர் போட்டு விடியற்காலையில் 4 மணி நேரம். ஒரு நாளைக்கு 2 யூனிட் கரண்ட்தான்.

அப்புறம் வேறு தொல்லை. ஹீட்டரைப் போட்டாலே இ.எல்.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டு. "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே, சாக்கெட்டுக்குள்ள ஈரம் இறங்கியிருக்கு" என்றார் வயர்மேன் தம்பி. மழை புகாத மூடி போட்ட சாக்கெட்டை உயரத்தில் மாற்றி, ஒயரைக் கீழிருந்து வளைத்து ஏற்றினார். எக்ஸ்டென்ஷன் ஒயர் பக்கமே போகாதீர்கள் என்றும் சொன்னார்.

அழுகல் நின்றது. மழை இல்லாத நாளில் வெறும் ஃபேன் மட்டும் ஓடுகிறது, அதுவே போதும்.