உயிலில் அறக்கொடை எழுதுதல்: பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையில் ஆதாரம் எழுதுபவரிடம் ஒஸ்யத் என்றும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் பத்திர எழுத்தரிடம் உயில் என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். பெயர் இரண்டானாலும், முஸ்லிம்கள் நீங்கலாக மற்றவர்களின் உயிலை இரு பக்கமும் ஆளுவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே. ஆகவே கொழிஞ்சாம்பாறை வீட்டையும் பொள்ளாச்சித் தோப்பையும் ஒரே உயிலில் எழுதலாம்; மாநிலத்துக்கு ஒன்று தேவையில்லை.

அறக்கொடை எழுத நினைப்பவர் முதலில் அஞ்ச வேண்டியது "தர்மத்துக்கு" என்ற சொல்லைத்தான். எங்கள் உறவில் ஒரு பெரியவர் தம் உயிலின் கடைசிப் பத்தியில், "தென்னந்தோப்பின் வருமானம் தர்ம காரியங்களுக்குச் சேர வேண்டியது" என்று ஒரே வரி எழுதி வைத்தார். மூத்த மகன் அதைக் கோயில் அன்னதானம் என்றார்; இளையவர் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புச் செலவு என்றார்; இருவரும் தந்தையின் மனத்தை அறிந்தவர்களே. தோப்பில் தேங்காய் விழுந்துகொண்டே இருந்தது, பணம் மட்டும் எங்கும் போய்ச் சேரவில்லை. பம்பாய் மாகாணத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், "தரம்" (தர்மம் என்பதன் வடநாட்டு வடிவம்) என்று மட்டும் எழுதப்பட்ட கொடை பொருள் தெளிவற்றது, ஆகவே செல்லாது என்று, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1899-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நமக்குத் தெளிவாகத் தோன்றும் சொல் நீதிமன்றத்துக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை.

எனவே யாருக்கு, எதற்கு, அவர்கள் இல்லாவிட்டால் யாருக்கு என்ற மூன்றையும் எழுத வேண்டும். நான் பரிந்துரைக்கும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "இன்ன கிராமத்தில், இன்ன பதிவு எண்ணுடன் இயங்கும் இன்ன அறக்கட்டளைக்கு, ஏழை மாணவர்களின் படிப்புச் செலவுக்காக, ரூபாய் இரண்டு லட்சம் கொடுக்க வேண்டியது. என் மறைவின்போது அந்த அறக்கட்டளை இயங்காமற் போயிருந்தால், இதே வட்டத்தில் இதே நோக்கத்துக்காக இயங்கும் வேறொரு பதிவுபெற்ற அமைப்பை என் உயிலை நிறைவேற்றுபவர் தேர்ந்தெடுத்து அதற்குக் கொடுக்க வேண்டியது."

பதிவு எண்ணை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழைய கொச்சிப் பகுதியான நம் வட்டத்தில் சங்கங்கள் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டப்படியும், தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படியும் பதிவாகின்றன. ஒரே பெயரில் இரு பக்கமும் இரண்டு அமைப்புகள் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. செயலாளரின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதாமல், பதிவுச் சான்றிதழின் நகலை வாங்கி, அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். கோயிலுக்கானால் தெய்வத்தின் பெயரில் எழுதுவதே முறை. தர்மகர்த்தாவின் பெயரில் எழுதினால் அது அவர் வீட்டுச் சொத்தாகப் பேசப்படும் நாள் வரும்.

எதைக் கொடுப்பது என்பதில் பணமே எளிது. குறிப்பிட்ட ஒரு நிலத்தையோ வைப்புத்தொகையையோ எழுதிவிட்டு, உயிருடன் இருக்கும்போதே அதை விற்றோ எடுத்தோ விட்டால் கொடையும் அதோடு போய்விடும். கடன்களும் மற்றவர்களுக்கு எழுதியவையும் போக மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளுக்கும் மனத்தாங்கல் குறையும். வைப்புத்தொகைக்கு ஏற்கெனவே நாமினி இருந்தால், அவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி உரிமையாளர் அல்லர். ஆயினும் வங்கி அவர் கையில்தான் பணத்தைக் கொடுக்கும் என்பதால், இந்த ஏற்பாட்டை அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

நிலம்தான் கொடுப்பேன் என்பவர் அதன் வகையைப் பார்க்க வேண்டும். கேரளப் பக்கத்து வயலை முதியோர் இல்லம் கட்டுவதற்கென்று எழுதி வைத்தால், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். இல்லத்துக்கு வயல் கிடைக்கும், கட்டடம் எழும்பாது. சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கேரளப் பக்கத்தில் தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸின் நிலக் கணக்கு எண்), கரம் (நிலவரி) கட்டிய ரசீதுடனும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் பட்டாவுடனும் ஒத்துப் பார்த்து எழுதுங்கள்.

உங்களுக்கு உரியதை மட்டுமே எழுத முடியும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் எது உரியது என்பது எல்லைக்கு எல்லை மாறும். பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு தரும் இந்துக் கூட்டுக் குடும்ப முறை, கேரளத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1976 டிசம்பர் 1 முதல், ஒழிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் ஒழியவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துப் பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை மட்டும் எழுதலாம், மகன் மகளின் பங்கை எழுத முடியாது. ராவுத்தர் முதலிய முஸ்லிம் குடும்பங்களில், ஈமச்செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு தடை இருந்தது: நெருங்கிய உறவினர் உள்ளவர் அறத்துக்கு எழுதினால், அந்த உயில் இறப்புக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டு, ஆறு மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். பாதிரியார் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இன்றும் சிலர் அந்தப் பழைய தடையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும், தமிழில் எழுதலாம். இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட, அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாகவும், கொடை பெறும் அமைப்பைச் சேராதவர்களாகவும் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும், பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் நான் பதிவு செய்யவே சொல்வேன். வருமான வரியில் நன்கொடைக்கு உள்ள சலுகையை (80ஜி என்று பேசப்படுவது) எதிர்பார்த்து உயிலில் எழுதுவதில் பயனில்லை. அது உயிருடன் இருக்கும்போது கொடுப்பதற்கே உரியது.

உயிலை நிறைவேற்றுபவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கேரள வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு எனப்படும் பெயர் மாற்றத்துக்கும், தமிழ்நாட்டில் பட்டா மாறுதலுக்கும், அறக்கட்டளைக்குத் தகவல் சொல்லவும் அலையப் போகிறவர் அவர்தான். எனவே இரு பக்கமும் போய்வரக் கூடியவராக, மலையாளமும் வாசிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். மூல உயில் எந்த அலமாரியில், எந்தக் கவரில், எந்தக் கர ரசீதுகளுடன் இருக்கிறது என்பதை அவரை நேரில் அழைத்துத் திறந்து காட்டிவிடுங்கள்.