விழுந்த நீர் மண்ணில் இறங்க: தோட்டம் அமைப்போருக்கான பாசன, மழைநீர் வழிகாட்டி

செடிகளுக்கு நீர் பாய்ச்சுவதை ஒரு வேலையாகவும் மழைநீரை வெளியேற்றுவதை வேறொரு வேலையாகவும் பிரித்துப் பார்ப்பதுதான் நம் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. பாசனத்திற்குக் குழாய் போடுபவர் ஒருவர், தரைக்கு வாட்டம் கொடுப்பவர் இன்னொருவர். முன்னவர் காசு கொடுத்து நீரைக் கொண்டுவர, பின்னவர் இலவசமாக வந்த நீரை வேகமாகத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார். இரண்டையும் தீர்மானிப்பது ஒரே மண். அந்த மண் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் நீரை உள்வாங்கும் என்பது தெரிந்தால் தெளிப்பான் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதும், மழை நீரைத் தேக்கும் பள்ளம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்றாகவே விளங்கிவிடும்.

தெருவுக்குப் போகும் நீரைப் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய் உள்ள நகரங்களில், மழைநீர் வடிகால் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் போவதில்லை. அருகிலுள்ள ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ நேராகக் கலக்கிறது. நடைபாதையில் சிதறிய உரமணிகளும், வெட்டிய புல்லும், மண் குவியலிலிருந்து கரைந்த வண்டலும் அதே வழியில்தான் போகின்றன.

மண்ணைக் கையால் அறிதல்

வரைபடம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணில் சிறிது நீர் தெளித்து, மாவு போலப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல முன்னால் தள்ளுங்கள். நாடாவாகவே வராமல் உதிர்ந்தால் மணற்பாங்கான மண், 2.5 சென்டிமீட்டர் நீள்வதற்குள் ஒடிந்தால் மணலும் களியும் கலந்த இருபொறை மண். 5 சென்டிமீட்டர் வரை நீண்டால் களி மிகுந்த இருபொறை மண். அதற்கு மேலும் ஒடியாமல் தொங்கினால் களிமண். தோராயமாகச் சொன்னால், மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேலும், இருபொறை மண் 10 முதல் 20 வரையும், களி மிகுந்த இருபொறை மண் 5 முதல் 10 வரையும், களிமண் 1 முதல் 5 வரையும் நீரை உள்வாங்கும்.

ஆனால் இவை இறுகாத மண்ணுக்கான எண்கள். கட்டட வேலை நடந்த இடத்தில் மண் வகையைவிட மண்ணின் இறுக்கமே முக்கியம். மணற்பாங்கான மண்ணும் லாரிச் சக்கரத்தின் கீழ் நசுங்கினால் களிமண்ணைப் போலவே நடந்துகொள்ளும். ஆகையால் நீர் இறங்க வேண்டிய இடத்திலேயே 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, முழுவதும் வடிய விட்டு, மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். காய்ந்த மண் முதல் முறை நீரை ஆவலாகக் குடித்துவிடும் என்பதால் அந்த அளவை நம்பக் கூடாது. குழியின் பக்கச் சுவர்களும் நீரை உறிஞ்சுவதால் இரண்டாம் முறை கிடைத்த அளவிலும் பாதியையே கணக்கில் எடுப்பது நல்லது.

மண் இறுகியிருந்தால் 30 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் கிளறிவிட்டு, மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்திற்கு மக்கிய உரம் பரப்பி, மேல் 15 அல்லது 20 சென்டிமீட்டர் மண்ணோடு கலந்துவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஈரக் களிமண்ணைக் கிளறினால் அது கட்டி கட்டியாக இறுகிப்போகும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது தவறு. எல்லாவற்றையும்விட எளிய வழி, வேலை தொடங்கும் நாளிலேயே நீர் இறங்க வேண்டிய பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி, வண்டிகளும் பொருள் குவியல்களும் அங்கே வராமல் தடுத்துவிடுவது. நான் இந்தக் கயிற்றைக் கட்டத் தவறிய ஓர் இடத்தில், மண் அள்ளும் இயந்திரம் ஒரே பிற்பகலில் நான்கு முறை அந்தப் பகுதியைக் கடந்தது. முதல் மழைக்குப் பின் நான்கு நாள் அங்கே நீர் அசையாமல் நின்றது, நட்ட செடிகளில் பாதி அழுகிப்போயின. அதன் பிறகு குழாய் வருவதற்கு முன் கயிறு வந்துவிடுகிறது.

எவ்வளவு நீர், எவ்வளவு நேரம்

செடிக்கு வேண்டிய நீரைக் கணக்கிட, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் பாசனக் கையேட்டின் முறையே இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஒரு நாளில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீரின் ஒப்பீட்டு அளவை வானிலைத் தரவிலிருந்து எடுத்து, அதைச் செடிக்குரிய காரணியால் பெருக்குவதுதான் அந்த முறை. வெப்பநிலப் புல்லுக்கு இந்தக் காரணியை 0.6 என்றும் குளிர்நிலப் புல்லுக்கு 0.8 என்றும் கொள்வது வழக்கம். வேரூன்றிய புதர்ச்செடிகள் பலவற்றுக்கு இதைவிடக் குறைவாகவே போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆவியாதல் நாளுக்கு 5 மில்லிமீட்டர், வெப்பநிலப் புல்தரை 200 சதுர மீட்டர் என்று கொண்டால், நாளுக்கு 3 மில்லிமீட்டர் வீதம் வாரத்திற்கு 21 மில்லிமீட்டர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது சரியாக ஒரு லிட்டர். எனவே செடிக்குச் சேர வேண்டியது 4,200 லிட்டர். பாசன அமைப்பின் திறன், அதாவது திறந்துவிடும் நீரில் செடிக்குப் பயன்படும் பங்கு, 70 விழுக்காடாக இருந்தால் 6,000 லிட்டரும், 50 விழுக்காடாக இருந்தால் 8,400 லிட்டரும் திறந்துவிட வேண்டியிருக்கும். அந்த 2,400 லிட்டர் வேறுபாடு புல்லின் தாகத்தால் வந்ததன்று, சரியாகப் பொருத்தப்படாத தெளிப்பான்களால் வந்தது.

அந்தத் திறனை அறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரே அளவுள்ள, நேரான சுவர் கொண்ட 16 டப்பாக்களைப் புல்தரையில் சீரான இடைவெளியில் வைத்து, காற்றில்லாத காலை வேளையில் 10 நிமிடம் தெளிப்பானை ஓட விடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் சேர்ந்த நீரின் உயரத்தை அளந்து, மிகக் குறைவாக நீர் சேர்ந்த நான்கு டப்பாக்களின் சராசரியை எல்லா டப்பாக்களின் சராசரியால் வகுத்தால் பரவல் சீர்மை கிடைக்கும். 0.7க்கு மேல் இருந்தால் நல்லது. 0.5 என்றால், காய்ந்த மூலைக்குப் போதுமான நீர் கிடைக்க மற்ற இடங்களையெல்லாம் ஊற வைக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் ஓடும் நேரத்தைக் கூட்டச் சொல்லி உரிமையாளர் கேட்பார்; அதற்கு இணங்காமல் முதலில் தெளிப்பான் தலைகளைப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் தலை, வளர்ந்த புல்லில் மறைந்த தலை, ஒரே வால்வில் கலந்து பொருத்திய வெவ்வேறு நாசில்கள், அழுத்தம் மிகுந்ததால் துளியாக விழாமல் பனிப்புகையாகப் பறக்கும் நீர் ஆகிய இவைதான் பெரும்பாலும் காரணம். நிலைத்த (சுழலாத) தெளிப்பான்களுக்கு ஏறத்தாழ 2 பார் அழுத்தம் போதும். அதற்கு மேல் இருந்தால் அழுத்தக் கட்டுப்படுத்தி பொருத்த வேண்டும்.

அடுத்து, மண் நீரை உள்வாங்கும் வேகம். நிலைத்த தெளிப்பான் மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் கொட்டக்கூடியது. களி மிகுந்த மண் 8 மில்லிமீட்டரையே உள்வாங்கும். 12 மில்லிமீட்டர் நீரை 18 நிமிடத்தில் ஒரே மூச்சில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை குனிந்து அமர்ந்து பார்க்க வேண்டும்: ஐந்தாறு நிமிடத்தில் புல் அடியில் மண் பளபளக்கத் தொடங்கும், பிறகு பள்ளமான ஓரத்தில் கண்ணாடித் தகடு போல நீர் திரளும், சற்று நேரத்தில் அது நடைபாதை விளிம்பைத் தாண்டிக் கோடாக ஓடும். அந்தப் பளபளப்புத் தோன்றும் நேரமே ஒரு சுற்றின் எல்லை. 18 நிமிடத்தை நான்கரை நிமிடம் கொண்ட நான்கு சுற்றுகளாகப் பிரித்து, நடுவே அரை மணி நேரம் இடைவெளி விட்டால், ஒவ்வொரு சுற்றின் 3 மில்லிமீட்டரும் அடுத்த சுற்றுக்கு முன் மண்ணுக்குள் போய்விடும். இன்றைய டைமர்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு, பயன்படுத்துவோர்தான் குறைவு.

புதர்களுக்கும் பூப்பாத்திகளுக்கும் சொட்டுநீரே சரி. ஃபில்ட்டரும் அழுத்தக் கட்டுப்படுத்தியும் இல்லாமல் சொட்டுக்குழாய் போடாதீர்கள்; இரண்டு பருவத்தில் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். ஒரே அளவு நீர் வேண்டும் செடிகளை ஒரே வால்வின் கீழ் நடுங்கள். பாத்திகளில் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்திற்கு மூடாக்கு (மண்ணை மூடும் அடுக்கு) போட்டு, அது தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கி வைக்க வேண்டும்.

மழைக்கு ஒரு பள்ளம்

கூரையிலிருந்தும் கல் பாவிய தரையிலிருந்தும் வரும் நீரைச் சிறிது நேரம் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப்பள்ளத்தை மழைத்தோட்டம் என்கிறோம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில், குடியிருப்பு மனைகளிலேயே மழைநீரைக் கையாளும் முறையாக இது வளர்ந்து, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

அளவிடுவது எளிது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். பத்தில் ஒரு பங்கு நனைவதிலும் தெறிப்பதிலும் போக 2,250 லிட்டர் வந்து சேரும். பள்ளத்தின் ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால் அதற்கு 15 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். மண் மணிக்கு 10 மில்லிமீட்டர் உள்வாங்கினால் நிரம்பிய பள்ளம் 15 மணி நேரத்தில் வடிந்துவிடும். 3 மில்லிமீட்டர் என்றால் 50 மணி நேரம் ஆகும். 48 மணி நேரத்திற்குள் வடிய வேண்டும் என்பதே நாம் கடைப்பிடிக்க வேண்டிய வரம்பு. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வழக்கமாக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால் இந்த வரம்பு பாதுகாப்பானது, வேர்களும் மூச்சுவிடும். கூடுதல் நேரம் ஆகுமானால் ஆழத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்டுங்கள்.

கட்டட அடித்தளத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே பள்ளம் வர வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் மேலும், பெரிய மரத்தின் வேர்ப்பரப்பிலும், நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும் இடத்திலும் வேண்டாம். அடிப்பகுதி மட்டமாக இருக்க வேண்டும். மட்டக்குழாய் வைத்து நான்கு மூலைகளையும் சரிபாருங்கள், இல்லையேல் ஒரு மூலை மட்டுமே எல்லா நீரையும் தாங்கும். நீர் நுழையும் வாயில் கற்களைப் பரப்பினால் மண் அரிக்காது. வழிந்தோடும் வாய் ஒன்றை விளிம்பைவிடத் தாழ்வாக, யாருக்கும் சேதம் வராத திசையில், முதலிலேயே அமைத்துவிட வேண்டும். பெருமழை எந்தக் கணக்கையும் ஒரு நாள் மீறும். அடிப்பகுதியில் நனைதலையும் காய்தலையும் தாங்கும் செடிகளையும், விளிம்பில் வறட்சி தாங்கும் செடிகளையும் நடுங்கள். மூடாக்காக நார் நாராகக் கிழித்த மரச்சீவலே இங்கே பொருந்தும். பட்டைத் துண்டுகள் முதல் மழையிலேயே மிதந்து வழிவாயை அடைத்துவிடும்.

நீர் இறங்கும் கல்தரை போடுவதானால் இடுக்குகளை மணலால் நிரப்பாமல் சிறு ஜல்லியால் நிரப்ப வேண்டும். அந்தத் தரையின் மேல் மண்ணைக் குவிக்க ஒரு நாள்கூட அனுமதிக்காதீர்கள்.

வேலை நாளின் ஒழுங்கு

உரம் இடும் கருவியைக் கல்தரை ஓரத்தை நெருங்கும்போது மூடிவிட வேண்டும்; சிதறிய மணிகளைத் துடைப்பத்தால் கூட்டிப் புல்லிலேயே தள்ள வேண்டும், நீர்க்குழாயால் அடிக்கக் கூடாது. பெருமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்று உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மண் பரிசோதனை கேட்காத பாஸ்பரஸை இடவே கூடாது, ஏனெனில் ஏரிகளில் பாசி பெருகப் பெரும்பாலும் அதுவே தூண்டுகோல். வெட்டிய புல்லிலும் உதிர்ந்த இலையிலும்கூடப் பாஸ்பரஸ் இருக்கிறது; ஊதுகருவியால் அவற்றை வடிகாலுக்குள் தள்ளுவது உரத்தைக் கொட்டுவதற்குச் சமம்.

மண் குவியலைத் தார்ப்பாயால் மூடி, சரிவின் கீழ்ப்பக்கம் வண்டல் தடுப்புத் துணியை 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைத்துக் கட்டுங்கள். புதைக்காத துணியின் அடியில் நீர் நுழைந்து போய்விடும். சிமென்ட் கலந்த நீர் கடுமையான காரத்தன்மை உடையது, மீன்களைக் கொல்லும்; கருவிகளைக் கழுவ பிளாஸ்டிக் தாள் விரித்த குழி ஒன்றைத் தனியே ஒதுக்க வேண்டும். மருந்து தெளித்த டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரையும் அதே செடிகளின் மேலேயே, டப்பாவில் ஒட்டிய சீட்டில் குறித்த அளவுக்குள், தெளித்துவிட வேண்டும்.

வேலையை ஒப்படைக்கும்போது உரிமையாளரிடம் டைமரின் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வால்வுகளின் இடம், ஒவ்வொரு பகுதிக்கும் மாதவாரியான நிமிடங்கள், வழிவாயைச் சுத்தம் செய்ய வேண்டிய நாட்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். மழைத்தோட்டத்திற்கும் முதல் ஆண்டு களையெடுப்பும் நீரும் தேவை என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் கனமழை பெய்த மறுநாள் அந்த இடத்திற்கு ஒருமுறை போய், பள்ளத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது, எந்த ஓரத்தில் மண் அரித்திருக்கிறது, எத்தனை மணிக்கு அடிமண் தெரியத் தொடங்கியது என்று பார்த்து, அந்த நேரத்தை உங்கள் வரைபடத்தின் ஓரத்திலேயே தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மனைக்குப் பள்ளம் அளக்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.