கரும்பாறு தேடுகிறவர்கள் தலையைப் பார்க்காதீர்கள்

செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் பாறைகளில் அமர்ந்தால், பறவை பார்க்கப் புதிதாக வருபவர்கள், கரும்பாறு (black vulture) என்ற பிணந்தின்னிக் கழுகைத் தேடுகையில் ஒரே மாதிரியான பிழைகளைச் செய்வதைக் காணலாம். தொலைநோக்கியைப் பிடிக்கும் விதம் நாளடைவில் தானே வந்துவிடும். இந்தப் பிழைகள் சொன்னால்தான் போகும்.

தலையை வைத்து முடிவு செய்வது

வளர்ந்த வான்கோழிப் பாறுக்குத்தான் (turkey vulture, இன்னொரு பிணந்தின்னிக் கழுகு) தலை சிவப்பு. அந்தக் கோடையில் பறக்கத் தொடங்கிய இளம் பறவைக்குத் தலை கருஞ்சாம்பல். உடனே "கரும்பாறு" என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் இளைஞர் தாம் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, "தலையைப் பாருங்கள் ஐயா, கறுப்பு" என்று வாதாடினார். அடையாளம் சொல்லும் இறக்கையோ திரைக்கு வெளியே போயிருந்தது.

இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கரும்பாறுக்கு நுனியில் மட்டும் வெண்திட்டு. வான்கோழிப் பாறுக்குப் பின்பாதி முழுவதும் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். அது இறக்கைகளை மேல்நோக்கி உயர்த்தியபடி தள்ளாடி மிதக்கும். கரும்பாறு இறக்கையைத் தட்டையாக விரித்து, படபடவென நாலைந்து முறை அடித்துச் சற்றே மிதக்கும், மறுபடியும் அடிக்கும். எடை இரண்டுக்கும் ஏறத்தாழ 2 கிலோதான். ஆனால் கரும்பாறின் இறக்கை விரிப்பு 1.5 மீட்டரைத் தாண்டுவது அரிது, மற்றதற்கு 1.7 மீட்டர். சிறிய இறக்கை அந்த எடையைத் தாங்க வேண்டுமே! வாலும் குட்டை, சதுரம். பறக்கையில் கால்விரல்கள் வால் நுனியை எட்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? சிலி, அர்ஜென்டினா முதல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வரை வாழும் கரும்பாறு, சில பத்தாண்டுகளாக நியூயார்க், கனெக்டிகட் என்று வடக்கே முன்னேறி வருகிறது. அந்த எல்லையில் ஒரு தவறான பதிவு வரைபடத்தையே கெடுக்கும். பிறந்த கன்றுகளைக் கரும்பாறுகள் சில இடங்களில் கொத்திக் கொல்வதும் உண்மை. அந்தப் பழி பிணத்தையே நாடும் வான்கோழிப் பாறின் மீது விழக் கூடாது. இரண்டுமே 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை.

ஒன்றைப் பார்த்துக் கூட்டத்தையே எண்ணுவது

கரும்பாறுக்கு மோப்பம் குறைவு. மோப்பத்தில் கெட்டிக்கார வான்கோழிப் பாறு எங்கே இறங்குகிறது என்று உயரத்திலிருந்து கண்காணித்துப் பின்தொடரும். அதனால் வட்டமிடும் கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடர்காட்டுக்குள் தேடுவது

வேண்டாம். வயல்வெளி, சாலையோரம், குப்பைக் கிடங்கு.

கூட்டைத் தேடுவது

கரும்பாறு கூடு கட்டுவதில்லை. மரப்பொந்திலோ, பாழடைந்த கட்டடத்திலோ தரையில் இரண்டு முட்டை இடும். கண்டால் விலகிப் போங்கள்.

காரை அப்படியே விட்டுப் போவது

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பூங்காவில், அன்ஹிங்கா பாதையின் வாகன நிறுத்தத்தில், கண்ணாடி துடைப்பான் ரப்பரைக் கரும்பாறுகள் பிய்த்துவிடும். போர்த்த அங்கேயே தார்ப்பாய் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் கட்டுங்கள்.

குரலுக்குக் காத்திருப்பது

கூவும் உறுப்பே அதற்கு இல்லை. சீறலும் உறுமலும்தான்.