கோசாயிகுண்டம் யாத்திரை: திகதிக்கு முன் உயரத்தை எழுதுங்கள்

நேபாளத்தின் லாங்டாங் தேசிய பூங்காவுக்குள் 4,380 மீற்றர் உயரத்தில் இருக்கும் கோசாயிகுண்டம் ஏரி, ஆலகால விடம் உண்ட சிவன் தாகம் தணிக்கத் திரிசூலத்தால் மலையைக் குத்தி உண்டாக்கியது என்பது ஐதீகம். கொழும்பிலிருந்து அங்கு போக விரும்பும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். விமானச் சீட்டு, விசா, காத்மண்டு விடுதி ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதற்படி: பருவம்

ஒக்டோபர், நவம்பர் அல்லது ஏப்ரல், மே. ஆவணிப் பௌர்ணமித் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் ஏறினாலும், அது மழைக்காலம். மண்சரிவும் அட்டையும் நெரிசலும் சேர்ந்திருக்கும். முதன்முறை செல்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: உறங்கும் உயரம்

பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். கையில் எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று பார்த்து அதற்குள் மலையை அடக்கப் பார்க்கிறோம். ஆனால் உடலுக்கு லீவுக் கணக்குத் தெரியாது. ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். நமது நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர் என்பதால், இங்கே எந்த மலையில் ஏறிப் பழகினாலும் கால் பலப்படுமே தவிர, அந்த உயரத்துக்கு உடல் பழகாது.

ஆகவே ஒரு தாளில் திகதிகளை எழுதுமுன், ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் உறங்குவீர்கள் என்பதை எழுதுங்கள். 3,000 மீற்றருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பகலில் அதைவிட மேலே ஏறி இறங்குவதில் தவறில்லை. சிக்கல் என்னவென்றால், வழியிலுள்ள விடுதிகள் இந்த விதியைப் பார்த்துக் கட்டப்பட்டவையல்ல. நடை தொடங்கும், சுமார் 2,000 மீற்றரில் உள்ள துன்சேயிலிருந்து 3,300 மீற்றரில் உள்ள சந்தன்பாரிக்கு ஒரே நாளில் ஏறிவிடலாம், பலர் ஏறுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். துன்சேயில் ஓர் இரவு, சுமார் 2,600 மீற்றரில் தேவ்ராலியில் ஓர் இரவு, சந்தன்பாரியில் இரண்டு இரவுகள், 3,900 மீற்றரை ஒட்டிய லௌரிபினாவில் இரண்டு இரவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 500ஐ மீறும் இடங்களில் தங்கும் மேலதிக இரவுதான் அந்தக் கடனை அடைக்கிறது. லௌரிபினாவிலிருந்து விடியற்காலை புறப்பட்டு, ஏரியைத் தரிசித்து, மேகம் மூடுமுன் அங்கேயே திரும்பி உறங்குங்கள். திரும்புவதும் வந்த வழியாகவே இருக்கட்டும். ஏரியிலிருந்து திரும்பச் சிலர் எடுக்கும் ஹெலம்பு வழி 4,610 மீற்றர் கணவாயைக் கடப்பதால், நோயுற்றவர் இறங்குவதற்கு முன் இன்னும் ஏற வேண்டியிருக்கும்.

இதை மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு: இதே ஏரியில் 228 யாத்திரிகர்களிடம் செய்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் 68 வீதமானோருக்கு, உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோய் காணப்பட்டது.

மூன்றாம் படி: அறிகுறிகள்

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவாயினும் துணையோடு உடனே இறக்க வேண்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை நம்பி முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை. குளிர்ந்த விரலில் அது தவறான எண்ணைக் காட்டும்.

மலைநோயைத் தடுக்க உட்கொள்ளும் டயமொக்ஸ் மாத்திரையைப் பற்றிப் புறப்படுமுன்னரே உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள். வழக்கமான தடுப்பளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முதல்நாள் தொடக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல்கள் மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் இம்மாத்திரையின் இயல்பான விளைவுகள்.

நான்காம் படி: பொருட்களும் காப்புறுதியும்

சப்பாத்தைக் கொழும்பிலேயே வாங்கி, மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழக்குங்கள். தடித்த குளிரங்கியையும் உறங்கும் பையையும் காத்மண்டுவின் தமேலில் வாடகைக்கு எடுப்பதே புத்தி. இங்கே வாங்கினால் பிறகு அலுமாரியில்தான் கிடக்கும். வரைபடத்துக்கு ஓர்கானிக் மெப்ஸ் செயலியையே விரும்புகிறேன்: இலவசம், விளம்பரமில்லை, இணைப்பின்றி இயங்கும். காப்புறுதிப் பத்திரத்தில் உயர எல்லை எவ்வளவு, ஹெலிகொப்டர் மீட்பு அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டியின்றித் தனியே மலையேறக் கூடாது என நேபாள சுற்றுலாச் சபை அறிவித்திருப்பதால், அதற்கான செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: விரதமிருந்து ஏரியில் முழுக வேண்டுமா என்று பலர் கேட்டுவிட்டனர். வெறும் வயிற்றோடு ஏறினால் வரும் களைப்பும் குமட்டலும் மலைநோயின் அறிகுறிகளிலிருந்து பிரித்தறிய முடியாதவை. பனிக்கட்டி உருகிய நீரில் முழுகினால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, கஞ்சியோ சூப்போ குடித்துவிட்டு இறங்குங்கள்.