மானிட்டர் பதில் தருகிறது, மவுண்ட் ஏன் தொங்குகிறது? வேறு நெட்வொர்க்கிலிருந்து செஃப்

கிளையன்ட் ஒரு நெட்வொர்க்கில், செஃப் (பல சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாக்கும் மென்பொருள்) கிளஸ்டர் வேறொன்றில். ஸ்டேட்டஸ் கேட்டால் 'ஹெல்த் ஓகே' என்று உடனே வருகிறது. ஆனால் ஆர்பிடி இமேஜை (செஃப் தரும் மெய்நிகர் வட்டு) மேப் செய்தாலோ செஃப்எஃப்எஸ் (செஃப்பின் கோப்பு முறைமை) கோப்பைத் திறந்தாலோ டெர்மினல் அப்படியே நிற்கிறது. ஸ்டேட்டஸ்தான் வந்துவிட்டதே, நெட்வொர்க்கில் குறையில்லை என்று கீரிங்கை (அனுமதிச் சாவிக் கோப்பு) கிளறப் போகாதீர்கள். உரிமைக் குறை என்றால் பிழை சட்டென்று வரும், எண் 1 அல்லது 13. நெடுநேரம் தொங்கி 110 வந்தால் பாக்கெட் எங்கோ தொலைகிறது.

ஸ்டேட்டஸ் சொல்வது மானிட்டர், அதாவது கிளஸ்டரின் நிலையையும் மேப்பையும் வைத்திருக்கும் சேவை. அதற்கு 3300 போர்ட், பழைய நெறிமுறை என்றால் 6789 போதும். டேட்டா அந்த வழியாக வருவதில்லை. கிளையன்ட் மானிட்டரிடம் மேப்பை வாங்கி, எந்த ஆப்ஜெக்ட் (டேட்டாவின் துண்டு) எந்த ஓஎஸ்டியில் (வட்டில் டேட்டாவை வைத்திருக்கும் சேவை) என்று தானே கணக்கிட்டு, அந்த ஓஎஸ்டியிடம் நேராகப் போகும். ஆகவே பூலில் (டேட்டா சேரும் தொகுப்பு) உள்ள எல்லா ஓஎஸ்டிக்கும் வழி வேண்டும். ஒரே ஒரு ஹோஸ்ட் எட்டாவிட்டால் சில கோப்புகள் திறக்கும், சில தொங்கும்.

முதலில் ஓஎஸ்டி டம்ப் (ஓஎஸ்டிகளின் பட்டியல்) எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் அடைப்புக்குள் இருப்பது பப்ளிக் முகவரி, அடுத்தது கிளஸ்டர் முகவரி. கிளையன்டுக்கு முதலாவது மட்டும் போதும். கிளஸ்டர் நெட்வொர்க் ஓஎஸ்டிகள் தங்களுக்குள் பிரதி எடுக்க, அதை வெளியே திறக்கத் தேவையில்லை. முதலாவதில் தவறான சப்நெட் இருந்தால் பப்ளிக் நெட்வொர்க் அமைப்பைத் திருத்தி, ஹோஸ்ட் ஹோஸ்டாக ஓஎஸ்டிகளை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மானிட்டர் முகவரி இப்படி மாறாது, அது மான்மேப்பில் (மானிட்டர்களின் முகவரிப் பட்டியல்) எழுதப்பட்டது.

இனி கிளையன்டிலிருந்து அந்த ஐபி, அந்த போர்ட்டை நெட்கேட்டால் தட்டிப் பாருங்கள். ஃபயர்வாலில் 6800 முதல் 7300 வரை, புதிய வெளியீடுகளில் 7568 வரை திறந்திருக்க வேண்டும். எம்டிஎஸ்ஸும் (செஃப்எஃப்எஸ்ஸின் கோப்புப் பெயர், அடைவு விவரங்களைக் கவனிக்கும் சேவை) இந்த வரம்பில்தான். நடுவில் நாட் (முகவரியை மாற்றி அனுப்பும் ரவுட்டர் வசதி) இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் கைகொடுக்காது: மேப்பில் உள்ள உள் முகவரியைத்தான் கிளையன்ட் தேடும். ரூட்டிங் அல்லது விபிஎன் போடுங்கள்.

போர்ட் திறந்தும் தொங்குகிறதா? ஜம்போ ஃபிரேமை (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்) சந்தேகியுங்கள். துண்டாக்கத் தடை வைத்து 8972 பைட் பிங் அனுப்புங்கள் (எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 9000; அதில் ஹெடருக்கு 28 போக). 1472 போய் 8972 போகாவிட்டால், இணைப்பு உருவாகும். பெரிய டேட்டாவை எழுதுவது மட்டும் சிக்கும்.

ஓஎஸ்டி ஹோஸ்டில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்தால் சின் (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) வருகிறது, பதிலே கிளம்பவில்லை என்றால், அங்கு இரண்டு கார்டு இருந்து டீஃபால்ட் கேட்வே மற்றதில் இருக்கலாம். ரிவர்ஸ் பாத் ஃபில்டர் (பாக்கெட் வந்த கார்டு வழியேதான் பதில் போகுமா என்று பார்க்கும் கர்னல் அமைப்பு) 1 ஆக இருந்தால் கர்னல் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் வீசிவிடும். அதை 2 ஆக்குவது பாதித் தீர்வுதான். கிளையன்ட் சப்நெட்டுக்கு பப்ளிக் கார்டு வழியே ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள்.

எந்த ஓஎஸ்டி என்று தெரியாவிட்டால், கிளையன்ட் கர்னலின் டிபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள் விவரங்களைக் காட்டும் அடைவு) செஃப் அடைவுக்குள் ஓஎஸ்டிசி கோப்பைப் படியுங்கள். காத்திருக்கும் கோரிக்கைகள் எல்லாவற்றிலும் 'ஓஎஸ்டி7' என்றே இருந்தால் நேராக அந்த ஹோஸ்டுக்குப் போகலாம்.

இன்னொன்று: 5.11க்கு முந்தைய லினக்ஸ் கர்னலுக்கு 3300 போர்ட்டின் புதிய நெறிமுறை தெரியாது. 6789ஐ மூடிவிட்டு அதில் மவுண்ட் எதிர்பார்க்க முடியாது.

இத்தனை போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லையா? இரு நெட்வொர்க்கிலும் கால் வைத்த ஹோஸ்டில் என்எஃப்எஸ் கேட்வே (செஃப் கோப்புகளை என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையில் தரும் இடைச் சேவை) அமைத்து, 2049 போர்ட்டை மட்டும் திறவுங்கள். வேகம் அந்த ஒரு ஹோஸ்டின் கார்டோடு நின்றுவிடும்.