மழை நாளில் டிராக்: பழகின லைனை விட்டு வெளியே வாருங்கள்

சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பணம் கட்டிவிட்டு, முந்தின இரவு மழை பிடித்துக்கொண்டால் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நாளைக்குப் போகலாமா, வேண்டாமா?" போங்கள், கட்டாயம் போங்கள் என்பேன். காய்ந்த டிராக்கில் 120 கி.மீ. வேகத்திலும் வெளியே தெரியாத அவசரம், ஈரத்தில் 60-லேயே தெரிந்துவிடும். பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் சூடு குறைவு, டயரும் அவ்வளவாகத் தேயாது. ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நாள் அமையாது. ஆனால் ஆயத்தம் வேறு, ஓட்டும் விதமும் வேறு.

முதலில் டயர். சாலைக்குச் சட்டம் கேட்பது 1.6 மி.மீ. பட்டன், அதாவது டயர் பள்ளத்தின் ஆழம். அது மழை டிராக்குக்குப் போதவே போதாது. 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் என் மாணவர்களை நான் இறங்க விடுவதில்லை. பள்ளம் குறைவான செமி ஸ்லிக் டயர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டு, காரோடு வந்த சாதாரண டயரையே மாட்டி வாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும்.

காற்று விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். காய்ந்த நாளில் டயர் சூடேறி அழுத்தம் ஏறும் என்பதால் குறைவாக அடித்துக்கொண்டு கிளம்புவோம். மழையில் டயர் அவ்வளவு சூடாகாது, அழுத்தமும் ஏறாது. அதே குறைந்த காற்றோடு இறங்கினால் கடைசி வரை குறைவாகவே இருக்கும். இதில் ஒரு பௌதிகக் கணக்கும் உண்டு. விமான டயர்களுக்காக 1960-களில் நாசா ஆய்வாளர்கள் கண்டது இது: தேங்கின தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி 28 பிஎஸ்ஐ டயர் சுமார் 88 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 36 பிஎஸ்ஐ டயர் 100-ஐத் தொட்ட பிறகுதான் மிதக்கும். பட்டன் நன்றாக இருந்து தண்ணீர் ஆழமில்லை என்றால் இன்னும் தாங்கும். அதனால் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, அல்லது அதைவிட ஒன்றிரண்டு கூட. அங்கிருந்து தொடங்குங்கள்.

பிரேக் பேட், காரோடு வந்த ஸ்டாக்கே நல்லது. டிராக்குக்கென்று விற்கும் பேட் சூடேறினால்தான் பிடிக்கும், மழையில் அந்தச் சூடு வராது. ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டும் ஆனிலேயே இருக்கட்டும். சஸ்பென்ஷன் மாற்றியிருந்தால் டேம்பரை இளக்கி வையுங்கள். மாற்றாத கார் மழைக்கு ஏற்கெனவே இளக்கமாகத்தான் இருக்கிறது.

கண்ணாடியை யாரும் நினைப்பதில்லை. உள்பக்கத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தை முந்தின நாளே நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஹெல்மெட் போட்டு மூச்சு வாங்க ஓட்டும்போது கண்ணாடி மங்குவது அந்தப் படலத்தால்தான் அதிகம். ஏசி ஓடட்டும், வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். நம் ஊர் வெயிலில் வைப்பர் ரப்பர் ஒரே கோடையில் வெடித்துவிடும், புதிது போடுங்கள். ஹெட்லைட் எரியட்டும், நீங்கள் பார்ப்பதற்காக இல்லை, முன்னால் போகிறவர் கண்ணாடியில் நீங்கள் தெரிவதற்காகவும், டிராக் ஓரம் கொடியோடு நிற்கும் மார்ஷல் உங்களைப் பார்ப்பதற்காகவும். அப்புறம் ஒரு துண்டு, ஒரு மாற்று ஷூ. பிட்டில் தேங்கின தண்ணீரில் நடந்துவிட்டு அப்படியே பெடலில் கால் வைத்தால் வழுக்கும். அடிப்பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

சரி, டிராக்குக்குள் வருவோம். முதல் இரண்டு லேப் வேகத்துக்கு இல்லை, பார்ப்பதற்கு. 3.7 கி.மீ. டிராக்கில் எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே ஓடுகிறது, எங்கே ஓரத்து மண் கரைந்து வந்திருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கின முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசம். தூசியும் எண்ணெயும் கழுவிப் போவதற்கு முன்னால் அப்படியே மேலே மிதக்கும்.

இனி லைன். காய்ந்த நாளில் எல்லோரும் வெளியிலிருந்து ஏபெக்ஸை (வளைவின் உள்விளிம்பை) தொட்டு மறுபடி வெளியே போகும் பாதை இருக்கிறதே, அங்கேதான் வருடக்கணக்காக டயர் ரப்பர் படிந்து தார் வழவழப்பாகியிருக்கிறது. காய்ந்தால் அது பிடிக்கும். நனைந்தால் அங்கேதான் வழுக்கும். கிரிப் இருப்பது கார்கள் அதிகம் போகாத சொரசொரப்பான தாரில். எனவே மெதுவான கார்னர்களில் ஏபெக்ஸைத் தொடாதீர்கள். பழகின லைனுக்கு ஒரு கார் அகலம் வெளியே சுற்றி வாருங்கள், ரப்பரைக் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் ஸ்டீயரிங்கை முடிந்தவரை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். தூரம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. டிராக் விளிம்பில் பெயின்ட் அடித்த கெர்ப்பில் சக்கரம் படவே கூடாது. 1993 ஏப்ரலில் இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க்கில் ஈர டிராக்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் லேப் வீடியோவைத் தேடிப் பாருங்கள். முதல் கார்னரில் ஐந்தாவதாக இருந்த அயர்டன் செனா, அந்த லேப் முடியும்போது முதலிடத்தில் இருப்பார். கிரேனர் கர்வ்ஸ் என்ற வளைவுகளில் இன்னொரு ஓட்டுநரான வெண்ட்லிங்கரை அவர் வெளிப்பக்கமாகத் தாண்டும் இடத்தை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

வேகமான வளைவுகளில் மட்டும் இதை அப்படியே செய்ய வேண்டாம். மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்து வரும் முதல் கார்னரான சி1 போன்ற இடத்தில் வெளியே சோதித்துப் பார்க்கிறேன் என்று போனால், தவறினால் நிற்க இடம் போதாது. அங்கே வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர் போல ஓட்ட வேண்டும்; எந்த அசைவும் வெடுக்கென்று வரக் கூடாது. பிரேக்கை நேராகப் போகும்போதே, வழக்கத்துக்கு வெகு முன்னால் தொடங்குங்கள். முதலில் மெல்ல, பிறகு அழுத்தம். திருப்புவதற்கு முன் முழுதாக விட்டுவிடுங்கள். கார்னரில் வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே இருந்தால் எஞ்சின் விசை சக்கரத்தில் திடீரென்று இறங்காது. நீளமான ஸ்ட்ரெயிட்டில் டிஸ்க் நனைந்து போகும், அடுத்த பிரேக்குக்கு முன் பெடலை லேசாகத் தொட்டு உலர்த்திக்கொள்ளுங்கள்.

நம்மில் பெரும்பாலானோர் ஓட்டும் ஸ்விஃப்ட், போலோ எல்லாம் முன்சக்கரக் கார்கள். முன்பக்கம் நழுவினால் கை தானாக இன்னும் திருப்பும். திருப்பாதீர்கள். ஸ்டீயரிங்கைச் சற்றே நேராக்கி, ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்துங்கள், டயர் மறுபடி பிடிக்கும். சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் சுற்றிவிடும். தண்ணீர் தேங்கின இடத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் எதுவும் செய்யாதீர்கள். பிரேக் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், நேராகக் கடந்துபோகட்டும்.

மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி காட்டினால் முன்னால் வழுக்குகிறது என்று அர்த்தம். வெறும் மஞ்சள் என்றால் ஆபத்து, வேகத்தைக் குறையுங்கள், யாரையும் தாண்டாதீர்கள். சாதாரண கார் இன்ஷூரன்ஸில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு கிடையாது. டிராக்கில் இறங்கும் முன் உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

மழை விட்டதும் பழகின லைன்தான் முதலில் காயும். கிரிப் மறுபடி அங்கே திரும்பிவிடும். அப்போது பாதி ஈரத்தில் சக்கரம் வைத்து யாரையும் தாண்டப் போகாதீர்கள்.

கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டை ஒருமுறை முடுக்கிப் பார்த்து, காற்றையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையில் அதே மழையில் லாரிகளுக்கு நடுவே வீடு போய்ச் சேர வேண்டும்.